நாப்பது கரைக்கும் ஒரு மிதி

அடுத்தவங்க பிளாக்ல எழுதினதைப் படிக்காம 'அருமை'ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டு வந்தா யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்குறீங்களே சம்பந்தியம்மா, நஷ்டம் இருக்கு. ஒரு கானாங்கோழிக்கு ஆன நஷ்டம் எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க. கோழி பிளாக் எழுதுமான்னு உங்க பொண்ணு சுகுணா வேற அடுக்களையில இருந்து சிரிக்கிறா. எழுதும். சொல்றதைக் கேளுங்க.

ஒரு பெரிய ஏரி. மழைக்காலம் முடிஞ்சு தண்ணி உள்வாங்கும்போது கரையோரம் களிமண்ணு வெண்ணெய் மாதிரிக் கிடக்கும். அதுல ஒரு கானாங்கோழி தினம் விடியக்காலம் மூக்கால எழுதும். வெள்ளை நெஞ்சு, குட்டை வாலு, ஆளைக் கண்டா நாணலுக்குள்ள ஓடி ஒளியுமே, அதுதான். பெருசா ஒண்ணும் எழுதாது. இன்னைக்குத் தென்கரையில புழு நெறைய இருக்கு. நேத்து மழையில கூடு நனைஞ்சு போச்சு. பிள்ளைங்க ஆறும் ஆறு திக்குல ஓடுது, என்னால முடியலை. இப்படித்தான்.

ஆரம்பத்துல படிக்க மூணே பேரு. ஒரு தவளை, ஒரு நாரை, ஒரு ஆமை. மூணும் நின்னு படிக்கும். சண்டையும் போடும்.

"தென்கரையில எங்க புழு இருக்கு? நான் போய்ப் பார்த்தேன், ஒண்ணையும் காணோம்"னு தவளை கேக்கும்.

"நீ போனது மத்தியானம். அதுக்குள்ள நாரை அண்ணன் முடிச்சிட்டாரு"ன்னு கோழி சொல்லும்.

நாரை அந்தப் பக்கமாத் தலையைத் திருப்பிக்கும். நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் எல்லாரும் எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு கரை நாப்பது கரையாச்சு. மயில் எழுதுச்சு. முதல் நாள் தன்னோட வலப்பக்கத் தோகையைப் பத்தி, மறுநாள் இடப்பக்கத் தோகையைப் பத்தி. காக்கா எழுதுச்சு. அது தன் கரையில எழுதுனதை விட அடுத்தவங்க கரையில எழுதுனதுதான் ஜாஸ்தி. யாரு என்ன எழுதியிருந்தாலும் சரி, "அப்படியே நம்ம கரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க"ன்னு கீழ கொத்தி வச்சிட்டுப் பறந்துடும்.

உடும்பு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குன்னு கரையே கிடையாது. ஊரார் கரைக்கு வந்து "இதெல்லாம் ஒரு எழுத்தா"ன்னு நகத்தால கீறிட்டு, திரும்பிப் போகும்போது வாலால தன் கால்தடத்தை அழிச்சிக்கிட்டே போகும். யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னு அதுக்கு நெனப்பு. அம்மாம் பெரிய வாலு அந்த ஏரியில வேற யாருக்கு இருக்கு?

எங்க நாத்தனார் செண்பகவல்லிக்கும் அப்படி ஒரு உடும்பு இருந்துச்சு சம்பந்தியம்மா. அவ அடை சுடுறதைப் பத்திப் படம் எல்லாம் போட்டு பிளாக்ல எழுதினா. பேரே போடாம ஒருத்தர் வந்து, "இதை அடைன்னு சொன்னா அடைக்கு அவமானம்"னு எழுதிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் இவ சாப்பிடலை. என்ன பதில் போடலாம்னு என்கிட்ட கேட்டா. நறுக்குன்னு நாலு வார்த்தை நான் சொல்லிக் கொடுத்தேன். மூணாம் நாள் பார்க்கிறேன், "வருகைக்கும் கருத்துக்கும் நன்றி"ன்னு போட்டிருக்கா. என்னடி இதுன்னு கேட்டா, எல்லாருக்கும் இதைத்தான் போடுறேன் அண்ணி, கை தானாப் போட்டுடுச்சுங்கிறா. என்னத்தைச் சொல்ல.

எங்க விட்டேன்? நாப்பது கரை. ஆமா.

அங்க ஒரு வழக்கம் வந்துச்சு. படிச்சதுக்கு அடையாளமா எழுத்துக்குக் கீழ காலால ஒரு மிதி மிதிக்கணும். ஒரு மிதின்னா 'அருமை'. ரெண்டு மிதின்னா 'ரொம்ப அருமை, தொடர்ந்து எழுதுங்க'. நீ என் கரையில மிதிச்சா நான் உன் கரையில மிதிக்கணும். மிதிக்கலைன்னா மறுநாள்ல இருந்து உன் கரைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. தலைக்கனம்னு பேராயிடும்.

மிதிக்கிறதுக்கும் நேரம் உண்டு. வெயில் ஏறிட்டா மண்ணு காஞ்சுடும், கால் பதியாது. அதுக்குள்ள நாப்பது கரையையும் சுத்தி வரணும். நின்னு படிச்சா எப்படி முடியும்? மிதி, ஓடு. மிதி, ஓடு. எல்லாருக்கும் கால் வலி, எல்லாருக்கும் அலுப்பு. ஆனா நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை.

கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு வரவேற்கிறவங்களைப் பார்த்திருக்கீங்கல்ல? நமக்குப் பின்னாடி யாரு வர்றாங்கன்னு பார்த்துக்கிட்டே நம்மளைக் கும்பிடுவாங்க. தப்பா நெனைக்காதீங்க, நம்ம வீட்டுக் கல்யாணத்துல உங்க பெரியண்ணன் என்னை மூணு தடவை "வாங்க, மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா"ன்னு கேட்டார். நான் மாப்பிள்ளையோட அம்மா.

சரி, அது கிடக்கட்டும். இந்த வழக்கத்துக்குச் சரிப்பட்டு வராதது அந்த ஆமை ஒண்ணுதான். அது மெதுவா வரும். ஒவ்வொரு கரையிலயும் நின்னு கடைசி வரி வரைக்கும் படிக்கும். அதுக்குள்ள மண்ணு காஞ்சுடும், மிதிச்சாலும் பதியாது. வாய்தான் பேசும்.

"ஏம்மா, மூணாவது வரியில கெளுத்தின்னு எழுதியிருக்க. நீ பார்த்தது விரால் குஞ்சு"ன்னு சொல்லிட்டு நகந்துடும்.

"ஒரு மிதி மிதிச்சதில்லை, குத்தம் மட்டும் சொல்ல வந்துடுது. மரியாதை தெரியாத ஜென்மம்"னு காக்கா சொல்லுச்சு. எல்லாரும் ஆமான்னாங்க. கானாங்கோழியும்தான் ஆமான்னுச்சு.

ஒரு நாள் பொழுது சாயிற நேரம், கோழியோட ஆறு பிள்ளைங்கள்ல ரெண்டைக் காணோம். கறுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி, பொறிச்சு ஒரு வாரம்கூட ஆகலை. கோழியும் சேவலும் நாணல் பூராவும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினாங்க. கிடைக்கலை.

விடிஞ்சதும் கோழி தன் கரைக்கு வந்து எழுதுச்சு. 'என் பிள்ளைங்க ரெண்டு பேரை நேத்து சாயங்காலத்துல இருந்து காணோம். ஒண்ணுக்கு இடது காலு லேசா வளைஞ்சிருக்கும். யாராவது பார்த்திருந்தா உடனே சொல்லுங்க.' எழுதிட்டு அடுத்த கரைக்குக் கிளம்புச்சு.

சேவல் மறிச்சுது. "ஏ, எங்க போற? பிள்ளையைத் தேடாம இன்னைக்கும் மிதிக்கப் போறியா?"

"போய்த்தான் ஆகணும். நான் போய் மிதிக்கலைன்னா நம்ம கரைக்கு யார் வருவா? வரலைன்னா நான் எழுதினதை யார் படிப்பா? நீங்க நாணலுக்குள்ள தேடுங்க. நான் ஓடிட்டு வந்துடுறேன்."

அதுவும் ஒரு நியாயம்தான். பாவம், அதுக்கு அப்படித்தான் தோணுச்சு.

ஓடுச்சு. மயில் கரையில ஒரு மிதி. காக்கா கரையில ஒரு மிதி. தவளை கரையில ஒரு மிதி. நாரை கரையில நாலு வரி எழுதியிருந்துச்சு, பழைய சிநேகமாச்சேன்னு ரெண்டு மிதி. கண்ணு முழுக்கப் பிள்ளைங்க ஞாபகம். என்ன எழுதியிருக்குன்னு எங்க பார்க்கிறது? நாப்பதையும் முடிச்சிட்டு மூச்சு வாங்கத் தன் கரைக்குத் திரும்பி வந்துச்சு.

கரை பூரா கால்தடம். எல்லாரும் வந்துட்டுப் போயிருக்காங்க. கோழிக்கு உசிரு வந்த மாதிரி இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்துச்சு.

தவளை, ஒரு மிதி. அருமை.

நாரை, ரெண்டு மிதி. ரொம்ப அருமை, தொடர்ந்து எழுதுங்க.

மயில், 'உங்க நடையே தனி.' காக்கா, 'அப்படியே நம்ம கரைக்கும்.' அப்புறம் ஓரத்துல கால்தடம் இல்லாம ஒரு கீறல், 'எப்பப் பாரு பிள்ளைப் புராணம்தானா?'

அந்த உடும்பு ஒண்ணாவது முதல் வரியைப் படிச்சிருக்குதேன்னு கோழி நெனச்சுதாம். எவ்வளவு நொந்திருந்தா அப்படி நெனைக்கத் தோணும் பாருங்க.

மத்தியானம் வயலுக்குத் தண்ணி விட மதகைத் திறந்தாங்க. ஏரிக்கரையில அது வழக்கமா நடக்குறதுதான். கோழி கரையிலயே உக்காந்திருந்துச்சு, யாராவது திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்களான்னு. ஒருத்தரும் வரலை. இன்னைக்கு மிதிச்சாச்சு, இனி நாளைக்குத்தானே.

பொழுது இறங்குற நேரத்துக்கு ஆமை வந்து சேர்ந்துச்சு. நின்னுச்சு. முதல் வரியைப் படிச்சுது, ரெண்டாவதைப் படிச்சுது, மூணாவதைப் படிச்சுது. தலையைத் தூக்குச்சு.

"இது உன் பிள்ளைங்கதானா?"

"எது?"

"மதகுக்கிட்ட கல்லு இடுக்குல இருந்ததுங்க. நாரை எழுதியிருக்கானே. 'விடியக்காலம் மதகுப் பக்கம் ரெண்டு கறுப்புக் குஞ்சைப் பார்த்தேன். தாயைக் காணோம். ஒண்ணுக்குக் கால் வளைஞ்சிருக்கு. யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னு. நானும் வர்ற வழியில கரைக்குக் கரை கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன். ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பேசலை."

கோழி நாரை கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு.

ஆமை சொல்லுச்சு, "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதுக்குக் கீழ உன் காலுதான் ரெண்டு மிதி மிதிச்சிருக்கு."

கோழியும் சேவலும் மதகுக்கு ஓடினாங்க. போற வழியில நாரை ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. கோழிக்கு ஆத்திரம் தாங்கலை.

"என் பிள்ளைங்களைப் பார்த்திருக்கீங்க. ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா அண்ணே?"

"உன் பிள்ளைங்களா அது? எழுதியிருந்தேனேம்மா. நீ வந்து ரொம்ப அருமைன்னு மிதிச்சிட்டுப் போனியே."

"நானும்தான் எழுதியிருந்தேன், பிள்ளைங்களைக் காணோம்னு. நீங்களும் மிதிச்சிருக்கீங்க."

"நானா?"

"ரெண்டு மிதி."

நாரை தூக்கியிருந்த காலை மெதுவாக் கீழ வச்சுது. அப்புறம் முன்னாடி பறந்துச்சு, இடத்தைக் காட்ட.

கல்லு இடுக்குல ஒண்ணுதான் இருந்துச்சு. நனைஞ்சு, சுருண்டு, கத்தக்கூடத் தெம்பில்லாம. வளைஞ்ச காலு உள்ளது. இன்னொண்ணு தண்ணியோட போயிடுச்சு. மத்தியானம் வரைக்கும் ரெண்டும் அங்கதான் இருந்திருக்கு. காலையிலேயே யாராவது ஒருத்தர், யாராவது ஒரு கரையில, நின்னு நாலு வரி படிச்சிருந்தா ரெண்டும் வீடு வந்திருக்கும்.

இதுக்கு மேல கதையில ஒண்ணும் இல்லை சம்பந்தியம்மா. ஏரி திருந்திடுச்சான்னு கேட்டா, எங்க திருந்துது. மறுநாளும் வெயில் ஏறுறதுக்குள்ள மிதிச்சிட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மயில் கழுத்தைப் பத்தி எழுதியிருந்துச்சு, முப்பது பேர் மிதிச்சிருந்தாங்க.

கானாங்கோழி மறுநாள் ஒரே ஒரு வரிதான் எழுதுச்சு. 'அஞ்சு பிள்ளைங்க இருக்கு.'

அன்னைக்கு அது யார் கரைக்கும் போகலை. அதனால அதோட கரைக்கும் அவ்வளவா யாரும் வரலை. நாரை மட்டும் வந்துச்சு. அந்த ஒத்தை வரியை ரொம்ப நேரம் நின்னு படிச்சுது. வெயில் ஏறி மண்ணு காயுற வரைக்கும் நின்னுச்சு. மிதிக்கலை. அப்படியே தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுச்சு. கோழி நாணலுக்குள்ள இருந்து அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ஒருத்தர் எழுதினதை நின்னு கடைசி வரி வரைக்கும் படிக்கிறதுதான் அவங்களுக்குச் செய்யுற மரியாதை, படிக்காமச் சொல்ற 'அருமை' அவங்களை மிதிச்சிட்டுப் போறதுதான்.

சுகுணா, என் படிக்கிற கண்ணாடி உள்ள அலமாரியில இருக்கும், கொண்டாம்மா. அப்படியே உங்கம்மா போனையும் எடுத்துட்டு வா, அவங்க 'அருமை' போட்டதை எல்லாம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து படிக்கிறோம்.