கயிற்றுக்கு வெளியே ஒரு பட்ட மரம்

ஆற்றங்கரைக் காட்டில் மாசி பிறந்ததும் மரவேலைக் கண்காட்சி நடக்கும். மரம் குடையத் தெரிந்தவை கடை போடும். குடையத் தெரியாத கிளி, மைனா, அணில் எல்லாம் வந்து பார்த்து, பிடித்த கடையில் பொந்து கேட்கும். கூலி ஒன்றுதான். பொந்துக்குக் குடிவந்தவர்கள், அதைச் செய்தவரின் கூட்டுப் பக்கம் பாம்பு வந்தால் கத்திச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் கூட்டம் பாதிகூட வரவில்லை. செங்கொண்டை என்ற மரங்கொத்தியிடம் யாருமே பொந்து கேட்கவில்லை. சித்திரையில் அது இரை தேடப் போயிருந்த நேரத்தில் பாம்பு ஏறியது. கத்த ஆளில்லை. மூன்று முட்டைகளும் போயின.

இந்த வருஷம் கண்காட்சிக்கு முதல் நாள் தலைவர் கொக்கு எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டது.

"கூட்டம் ஏன் குறைந்தது என்று யோசித்தேன். தூசி, சத்தம். இரண்டும் இனிக் கிடையாது. வீட்டிலேயே செய்து முடித்து, பிசின் பூசிப் பளபளவென்று கொண்டு வாருங்கள். பொந்தின் வாசல் அகலமாக இருக்கட்டும், அதுதான் பார்வைக்கு எடுப்பு. வருகிறவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள்."

"கயிறு போன வருஷமும் இருந்ததே. நீங்க தலைவரா வந்து கட்டினது. அதுக்கு முந்தி கூட்டம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றது செங்கொண்டை.

"ஒரு கயிறு மட்டும் கட்டியதால் பாதிப் பலன்தான் கிடைத்தது. இந்த முறை இரண்டு கட்டுகிறேன்."

பக்கத்துக் கடைக் குக்குறுவான் காதருகே வந்தது. அதுவும் மரம் குடையும் பறவைதான். "சும்மா இரு அக்கா. இடத்தைப் பிடுங்கிட்டா எங்க போவே?"

செங்கொண்டை சும்மா இருந்தது, மறுநாள் காலை வரைக்கும்.

மறுநாள் கொக்கு வரவேற்புரையைத் தொடங்கியது. வந்திருந்த கொஞ்சப் பேரும் கயிற்றுக்கு அப்பால் கால் மாற்றி நின்றார்கள். கட்டைகளில் குடைந்த பளபளக்கும் பொந்துகள் வரிசையாக இருந்தன. ஒரு பெண் கிளி கழுத்தை நீட்டிக் கேட்டது: "உள்ளே எவ்வளவு ஆழம்?"

"பலகையில் எழுதியிருக்கிறது" என்றது கொக்கு.

"எழுதினதுல என் குஞ்சு படுக்குமா?" கிளி தன் ஜோடியைப் பார்த்தது. "வாய்யா, போலாம்."

அது சிறகை விரித்ததைச் செங்கொண்டை பார்த்தது. போன சித்திரை நினைவுக்கு வந்தது.

"போகாதே. உள்ளே வந்து என் பொந்துல தலையை விட்டுப் பாரு."

கிளி இரண்டு கயிற்றையும் தாண்டி வந்து தலையை விட்டது. உடனே வெளியே எடுத்தது. "ஆழம் சரி. வாசல்தான் ஆகாது. இதுல பாம்பு நெளியாமலே நுழையும்."

குக்குறுவான் சிரிப்பை அடக்கியது. செங்கொண்டைக்கு முகம் சுருங்கியது. எடுப்பாக இருக்கட்டும் என்று தானும்தானே அகலமாக வெட்டியது?

"சின்னதா ஒண்ணு இப்பவே போட்டுக் காட்டறேன்" என்று வேறொரு கட்டையில் கொத்தத் தொடங்கியது. சிராய் பறந்து கொக்கின் வெள்ளை இறகில் விழுந்தது.

"நிறுத்து. உனக்கு இங்கே இடமில்லை."

"சரி. மரம் காடு பூரா இருக்கு."

கயிற்றுக்கு வெளியே, பத்து எட்டில், இடி விழுந்த வேங்கை மரம் ஒன்று பட்டு நின்றது. செங்கொண்டை அதில் போய் ஒட்டிக்கொண்டு கொத்தியது. கிளிகள் பின்னாலேயே போயின. அந்தச் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. கண்காட்சி நின்றுபோய்விட்டது என்று நினைத்திருந்த மைனாக்கள் காது கொடுத்தன. பிறகு பறந்து வந்தன. அணில்கள் சிராயை அள்ளி மெத்தைக்கு ஆகுமா என்று மிதித்துப் பார்த்தன.

"இன்னும் ஒரு கொத்து. போதும், போதும்!" கிளி புது வாசலுக்குள் நுழைந்து, திரும்பி, தலையை நீட்டியது. தோள் இரண்டு பக்கமும் உரசியது. "இது என் வீடு."

குக்குறுவான் தன் பளபளப்பான பொந்தை அப்படியே விட்டுவிட்டு வந்தது. மூங்கில் குடையும் கருவண்டு மூங்கிலோடு வந்தது. மத்தியானத்துக்குள் வேங்கையில் இடமில்லை.

கொக்கு கயிற்றுக்குள் தனியாக நின்று பார்த்தது. கடைசியில் கூப்பிட்டது. "திரும்பி வா. ஒரு கயிற்றை எடுத்துவிடுகிறேன்."

"நீங்க இங்க வாங்க. தூசி படும், உதறிக்கலாம்" என்றது செங்கொண்டை, கொத்துவதை நிறுத்தாமல்.

கொக்கு வரவில்லை.

செங்கொண்டையும் அந்த வேங்கையிலேயே கூடு வைத்து மூன்று முட்டை இட்டது. சித்திரையில் பாம்பு மறுபடி வந்தது. வேங்கையில் பாதி ஏறுவதற்குள் பதினொரு வாசல்களிலிருந்தும் தலைகள் நீண்டு கத்தின. பாம்பு வந்த வழியே இறங்கியது. செங்கொண்டை இரையோடு திரும்பியபோது மூன்று முட்டைகளும் இருந்தன.

வந்தவரைத் தொடவிடாமல், செய்பவரைச் செய்யவிடாமல் காக்கும் கண்காட்சியில் கடைசியில் மிஞ்சுவது கயிறு மட்டுமே.