காளவாய்த் தெருவில் வைத்தியம்

பூரணி அம்மாளிடம் வைத்தியம் பயின்ற தணிகாசலம், அவரைவிட வயதில் மூத்தவர். பத்தியத்தில் கண்டிப்பானவர். மருந்து பலிக்கவில்லை என்றால் நோயாளி வாயைக் கட்டவில்லை என்பது அவர் முடிவு.

காளவாய்த் தெருவிலிருந்து இருளாயி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சூளை இருக்கும் தெரு அது. சிறுமி வைத்தியசாலையில் தங்கினால் இருமல் அடங்கும். வீடு திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்தமுறை உதடு கருத்திருந்தது.

மோர் கொடுத்தாயா என்று தணிகாசலம் விசாரித்தார். இல்லை என்றாள். வாழைப்பழம்? கண்ணில்கூடக் காட்டவில்லை என்றாள். அப்படியானால் புளியையும் நிறுத்து என்றார்.

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு சாமி. மூச்சு ஒண்ணுதான் பாக்கி. அதையும் நிறுத்திரவா?"

தணிகாசலம் நேராகக் குருவிடம் போனார்.

"பத்தியத்தை மீறுகிறாள், அம்மா. வாயும் நீளம். மருந்தை மாற்றட்டுமா?"

"அவள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா?"

"நோயாளிதானே நம்மைத் தேடி வரவேண்டும்?"

மறுநாள் காலை பூரணி அம்மாள், சிறுமியை வைத்தியசாலையில் படுக்கவைத்துவிட்டு, மருந்து அரைக்கும் கல்வத்தைத் தணிகாசலத்தின் தோளில் ஏற்றினார். இருளாயி வழி காட்டினாள். அவள் வீட்டுக்கும் காளவாய்க்கும் நடுவே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஊர் நோயாளிகள் விசாரித்துக்கொண்டு அங்கேயே வந்து வரிசையில் நின்றார்கள்.

காளவாய் மூட்டப்பட்டது. புகை தெருவுக்குள் இறங்கியது. தணிகாசலத்தால் அரைக்க முடியவில்லை. குனிந்து இருமினார்.

"மோர் குடிச்சீங்களா சாமி?" என்று கேட்டாள் இருளாயி.

காளவாய்க்காரர் ஓடிவந்தார். இது பெரியவர்கள் உட்காரும் இடமில்லை என்றார். வைத்தியசாலைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு இலவசமாக அனுப்புகிறேன், புறப்படுங்கள் என்றார்.

"சுண்ணாம்பு வேண்டாம். காளவாயை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு போங்கள். அதுவரை வைத்தியசாலை இங்கேதான்," என்றார் பூரணி அம்மாள்.

காளவாய்க்காரர் வரிசையைப் பார்த்தார். அவருடைய மைத்துனரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். காளவாய்க்காரர் திரும்பிப் போனார்.

மாலையில் தணிகாசலம் வேட்டியிலிருந்த கரியைத் தட்டினார். நாளைக்கும் வரவேண்டுமா என்று கேட்டார். வரவேண்டும் என்றார் அம்மாள்.

"ஊர்க்காரரோடு மல்லுக்கு நிற்கிறோம். இதுவும் வைத்தியமா, அம்மா?"

"அந்தக் குழந்தைக்கு இன்றைக்குத்தான் வைத்தியம் தொடங்கியிருக்கிறேன்."