வாசலில் சொல்லும் சொல்

செபுத் தீவின் கடலோரத்தில் தமிழ்க் கன்னியர் நடத்திய சின்ன மடம் ஒன்று இருந்தது. தலைவி அமலி. பிலோமினா அவரைவிட வயதில் மூத்தவர், மடத்துக்குப் பிந்தி வந்தவர். அமலியிடம்தான் அந்தத் தீவு மக்கள் பேசும் செபுவானோ மொழி படித்தார். படித்தார் என்றால் சும்மா இல்லை, கரைத்துக் குடித்தார்.

மலைமேல் இருந்த கிராமத்தில் தங்கி ஊழியம் செய்ய ஒருவரை அனுப்பவேண்டியிருந்தது. அந்த ஒரு வேலைக்காகத்தான் பிலோமினா கடல் தாண்டி வந்திருந்தார். அமலியோ மடத்தின் இன்னொரு கன்னியான லீமாவின் பெயரைச் சொன்னார். செபுவானோவில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவராத லீமா.

பிலோமினாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சோறு இறங்கவில்லை. லீமா சிரித்தாலும் ஆகவில்லை, ஜெபம் சொன்னாலும் ஆகவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அமலியிடமே போய் நின்றார்.

"மதர், 'மாஆயோ'ங்கிற ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்குங்க. நல்லதுன்னு அர்த்தம். சீக்கு குணமானாலும் அதுதான். கைதேர்ந்த ஆளுக்கும் அதுதான். நல்லவேளைன்னு மூச்சு விடவும் அதுதான். அடுத்தவங்க வீட்டு வாசல்ல உள்ள வரலாமான்னு குரல் கொடுக்கவும் அதேதான். லீமாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நாளைக்கு மலைக்குப் போவோம், வாங்க," என்றார் அமலி.

மலையில் முதல் வீடு மூங்கில் வீடு. பிலோமினா முந்திக்கொண்டு போனார். "மாஆயோ" என்று கணீரென்று சொன்னார். உச்சரிப்பில் ஒரு குறை சொல்லமுடியாது. சொல்லி முடித்தபோது அவர் வீட்டுக்குள் இருந்தார்.

உள்ளே ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று துணியை இழுத்து மூடிக்கொண்டாள். மூலையில் அழுதுகொண்டிருந்த அவள் மாமியார் கண்ணைத் துடைத்து, எழுந்து, சிரித்து, அவித்த வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அமலி இன்னும் வெளியேதான் நின்றார். மாமியார் எட்டிப்பார்த்து, "டாயோன்" என்று அவர்கள் மொழியில் உள்ளே கூப்பிட்ட பிறகுதான் படியேறினார்.

இறங்கி வரும்போது பிலோமினாவுக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

"பாத்தீங்களா மதர், என்னமா உபசரிச்சாங்க. என் பேச்சைக் கேட்டு அசந்துட்டாங்க."

"நீங்க குரல் கொடுத்தீங்களே, அதுக்கு என்ன பதில் சொன்னாங்க?"

பிலோமினா யோசித்தார். குழந்தை சிணுங்கியது ஞாபகம் வந்தது. அந்தப் பெண் துணியை இழுத்தது ஞாபகம் வந்தது. பதில் எதுவும் ஞாபகத்தில் இல்லை.

முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பாழாய்ப்போன பொறாமை விடவில்லை.

"சரி மதர். லீமாவுக்கு அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது," என்றார் அமலி. "வாசல்ல அதைச் சொல்லிட்டு வெளியவே நிப்பா. மழை பெஞ்சாலும் நிப்பா. உள்ள இருக்கறவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கூப்பிடற வரைக்கும்."