பதினான்கு அடி

ஐம்பத்தெட்டாவது நிமிடம். தேசிய மகளிர் ரக்பி அணி 3–24 என்று பின்தங்கியிருந்தது. முப்பது புள்ளிக்கு மேலான வித்தியாசத்தில் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். மேலே வர இரண்டு வருடம் ஆகும்.

முன்வரிசைப் பெண்கள் இருவர் அடிபட்டு வெளியேறியிருந்தார்கள். மிஞ்சியவள் தேன்மலர். அவளும் போய்விட்டால் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்ற ஆள் போதாது; அப்புறம் ஸ்கிரம்மில், இரு அணியும் கூட்டமாக முட்டித் தள்ளும் அந்த மோதலில், தள்ளக்கூடாது. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துச் சும்மா சாய்ந்து நிற்பார்கள். அதுதான் விதி.

துணைப் பயிற்சியாளர் நளாயினி காதைத் தொட்டுக் காட்டினாள். ஆறு வருடப் பழக்கம். தேன்மலர் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பிறகு நொண்டியபடி எல்லைக்கோட்டுக்கு வந்தாள்.

தலைமைப் பயிற்சியாளர் எஸ்தர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"எந்த முட்டி?"

"இடது முட்டி, கோச்."

"நீ பிடிச்சிருக்கிறது வலது."

மாற்று ஆட்டக்காரிகளில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள போ. தள்ளு."

தேன்மலர் நளாயினியைப் பார்த்தாள். தேன்மலர் உள்ளே ஓடினாள்.

அடுத்த ஸ்கிரம்மில் எதிரணி அவர்களை வண்டியைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். 3–52.

கடைசி விசில் ஒலித்தபோது யாரும் அழக்கூட இல்லை. தேன்மலர் மண் படிந்த கன்னத்தோடு ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கத் தலைவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார்.

மைதானம் காலியானதும் நளாயினி எஸ்தரிடம் வந்தாள்.

"தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

"ஆமா."

"அவ வெளியே வந்திருந்தா தப்பிச்சிருப்போம்."

"தப்பிச்சிருப்போம்."

"ஆறு வருஷமா இந்த அணியை முதல் பிரிவுல பிடிச்சு வெச்சிருந்தேன், கோச். இருபது நிமிஷத்துல முடிச்சிட்டீங்க."

எஸ்தர் தலையாட்டினார். கடைசி ஸ்கிரம் தொடங்கிய இடத்துக்கு நடந்து போனார். புல் உரிந்து, பூட்ஸ் ஆணிகள் உழுத கோடுகள் நீளமாகக் கிடந்தன. அவற்றின் ஓரமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கோடுகள் முடிந்த இடத்தில் நின்றார்.

நளாயினிக்குக் கோபம் பொறுக்கவில்லை.

"ஸ்பான்சர் போயிடுவான். பாதிப் பொண்ணுங்க வேலைக்குப் போயிடுவாங்க. அடுத்த போட்டிக்கு எதை வெச்சு அணி கட்டுவீங்க? சொல்லுங்க!"

எஸ்தர் குனிந்து, பெயர்ந்து கிடந்த ஒரு புல்கட்டியை எடுத்துப் பள்ளத்தில் வைத்து மிதித்தார்.

"பதினாலு அடி பின்னாடி போயிருக்கோம்" என்றார். "முதல்ல இதைப் பதிமூணு ஆக்கணும்."