வெறும் வயிற்று வைத்தியம்

கொட்டாங்குளத்து ஆட்களுக்கு ஒன்றும் புரியாது என்று சொன்னால் அது பொய். எல்லாம் புரியும், தப்பாகப் புரியும், அவ்வளவுதான்.

செண்பகத்துக்கு அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். காலையிலேயே அவள் அப்பா சடையப்பன் தொப்புளுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சுருண்டுவிட்டார். முதல் நாள் பலகாரம் ருசி பார்க்கிறேன் என்று ஒரு தட்டு பஜ்ஜியை உள்ளே தள்ளிவிட்டு, அப்படியே சாய்ந்து தூங்கிய மனுஷன் அவர்.

"நான் எந்திரிச்சு வந்து சம்மதம்னு சொன்னாத்தான்டா தட்டு மாத்துவாங்க. இல்லேன்னா எம்புள்ள கல்யாணம் நின்னு போயிரும்" என்று முனகினார்.

மச்சினன்மார் ஒண்டிமுத்துவும் சின்னக்காளையும் பக்கத்து ஊர் வைத்தியரிடம் ஓடினார்கள். பாவம், அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"மேல் வயித்து வலி பெரும்பாலும் அஜீரணம், வாயு, இப்படித்தான் இருக்கும். பித்தப்பையில கல்லா இருந்தாலும் வலிக்கும். இன்னிக்கு வாயைக் கட்டுங்க. வெறும் வயித்துல வெதுவெதுன்னு சீரகத் தண்ணி விடுங்க. வலி நெஞ்சுக்கு ஏறினா, வேர்த்துக் கொட்டினா, தாமதிக்காம பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க."

வீட்டுக்கு வந்ததும் முதலில் கல்லைப் பற்றி ஆலோசனை நடந்தது.

"எந்தக் கல்லுன்னு அவரு சொல்லலையேடா" என்றான் ஒண்டிமுத்து.

"அம்மிக்கல்லாத்தான் இருக்கும். ஆட்டுக்கல்லு வாய்க்குள்ள போகாது."

அடுப்படியில் போய்ப் பார்த்தார்கள். அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சான் முழுங்கவில்லை என்று உறுதியானதும் இருவருக்கும் பாதி உயிர் வந்தது.

பிறகு துண்டை எடுத்து மச்சானின் வாயைக் கட்டினார்கள். பின்னந்தலையில் இரட்டை முடிச்சு. அதற்கப்புறம்தான் ஒண்டிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது.

"வாயைக் கட்டியாச்சு. சீரகத் தண்ணிய எப்படிடா குடுக்கிறது?"

"வாயிலயா விடச் சொன்னாரு? வெறும் வயித்துல விடச் சொன்னாரு. சட்டையக் கழட்டு!"

கழட்டினார்கள். வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தண்ணீரையும் ஊற்றினார்கள். சடையப்பன் "ம்ம்ம்!" என்று துள்ளினார்.

"பாத்தியா, மருந்து கேக்குது" என்றான் சின்னக்காளை. வலி நெஞ்சுக்கு ஏறிவிடக் கூடாதே என்று மார்புக்குக் கீழே ஒரு கயிற்றையும் இறுக்கிக் கட்டினான்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராக்கப்பன் சட்டை போடும் வழக்கமில்லாதவர். தோளில் துண்டு மட்டும். வயிறெல்லாம் சீரகம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்து அவர் கேட்டார்:

"என்ன சம்பந்தி, பொண்ணக் குடுக்கச் சம்மதந்தானே?"

"ம்ம்ம்."

"வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லாம தட்டு மாத்த முடியாது."

"வைத்தியர் கட்டத்தான் சொன்னாரு, அவுக்கச் சொல்லலையே" என்றான் ஒண்டிமுத்து.

சடையப்பனின் கைகள் இரண்டும் சும்மாத்தான் இருந்தன. முடிச்சை அவிழ்க்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற ஆளாக இருந்தால் இந்த மச்சினன்மார் வீட்டில் பெண் எடுத்திருப்பாரா? கண்ணில் நீர் முட்ட முழித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு எழுந்தே விட்டார்கள்.

செண்பகம் உள்ளேயிருந்து விடுவிடுவென்று வந்து துண்டை உருவி எறிந்தாள். "சொல்லுங்கப்பா!"

"சம்மதம்! சம்மதம்!" என்று அலறினார் சடையப்பன். தட்டு மாறியது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடவே வலியும் வந்தது. உள்ளே போகும்போது மச்சினன்மாரிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"டேய், சம்பந்திய மட்டும் வெறும் வயித்தோட அனுப்பிராதீங்கடா."

இருவரும் ராக்கப்பனின் வயிற்றைப் பார்த்தார்கள். வெறும் வயிறுதான்! பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து, சடையப்பனின் பட்டுச் சட்டையை எடுத்து அவருக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, மச்சான் சொல் தட்டாமல் அவரை மட்டும் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார்கள். சமைத்த விருந்து அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.

பஸ் வரும் நேரத்தில் ராக்கப்பன் தொப்புளுக்கு மேலே கையை வைத்தார். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. மேல் வயிறு சுருக்குன்னு வலிக்குது தம்பி."

"இதுக்கா கவலப்படுறீங்க?" என்று சின்னக்காளை அவர் தோள் துண்டை உருவி வாயைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ராக்கப்பனும் மறுக்கவில்லை.

கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார். ராக்கப்பன் "ம்ம்ம்" என்றார். கண்டக்டர் கீழே நின்றவர்களைப் பார்த்தார்.

"வலி நெஞ்சுக்கு ஏறாத வரைக்கும் அவரு ஊருக்கே குடுங்க" என்றான் ஒண்டிமுத்து. "ஏறிட்டா பெரியாஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்!"