அரசரின் மஞ்சள் பல்

முன்னொரு காலத்தில், மாலையானால் நிலவு அரண்மனைக் குளத்தில் இறங்கிக் குளித்துவிட்டுத்தான் வானத்தில் ஏறும் என்று குடிமக்கள் நம்பிய நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டை ஆண்ட கார்மேக பூபதிக்கு ஒரு விடியற்காலையில் கனவு வந்தது. ஆம்பல் குளத்தில் ஓடம் போகிறது. எதிரே அரசி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். அரசர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் வெளிச்சம் பட்டு, மொட்டாய் இருந்த ஆம்பல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. குழந்தை கை கொட்டுகிறது.

கண் விழித்த அரசர், கனவு கலையும் முன்பே தலைமாட்டில் இருந்த கண்ணாடியை எடுத்துச் சிரித்துப் பார்த்தார். பல்லெல்லாம் மஞ்சள். அவருக்கு மனசே விட்டுப் போயிற்று. தலைப்பிள்ளை பெறத் தாய்வீடு போயிருந்த அரசி, வருகிற பௌர்ணமியன்று இளவரசனோடு திரும்புகிறாள். பெற்ற பிள்ளை தகப்பனை முதன்முதலாகப் பார்க்கும்போது இந்தப் பல்லையா பார்க்க வேண்டும்?

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. சில நாட்களுக்கு முன் அவருடைய பிறந்தநாளுக்கு அரசவையோர் கூடிச் செய்து கொடுத்தது. பசும்பொன்னைத் தகடாக அடித்து, முகம் தெரியும்வரை மெருகேற்றியிருந்தார்கள். மன்னர் முகம் பார்க்க மட்டமான உலோகமா என்று, இருந்த பழைய கண்ணாடிகளையெல்லாம் அப்போதே அப்புறப்படுத்திவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டில் அரசரின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. மந்திரியானாலும் மடைப்பள்ளிக்காரனானாலும் தலை குனிந்து, அரசரின் பாதத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நிமிர்ந்தவன் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அரசி ஒருத்திக்குத்தான் விலக்கு. ஆகவே “என் பல் மஞ்சளா?” என்று அரசர் கேட்டபோது, அவை முழுக்க அவருடைய கால்விரலைப் பார்த்தபடி “ஆமாம் பிரபு, நல்ல மஞ்சள்” என்றது. விகடகவி மாங்குடியானும் எல்லாரோடும் சேர்ந்து ஆமாம் போட்டான். அரசரே சொல்லும்போது இல்லையென்று சொல்ல அவனுக்கு என்ன வேண்டுதலா?

அரண்மனை வைத்தியர் பஞ்சநதப் பண்டிதர் காரியத்தில் இறங்கினார். படிகாரம், கடுக்காய், கடல்நுரை என்று இடித்துச் சலித்து வெள்ளிச் செப்பில் கொடுத்தார். அரச மேனியைத் தொடக் கூடாது என்பதால் அரசரே தேய்த்துக்கொண்டார். பிறகு பொன் கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள்தான். வீட்டு வைத்தியமும் ஆயிற்று. உமிக்கரி, உப்பு, ஆலங்குச்சி, வேப்பங்குச்சி எல்லாம் அரண்மனைக்குள் வந்து போயின. வெற்றிலையை விட்டார். கடைசியில் பண்டிதர் எலுமிச்சைச் சாற்றில் செங்கல் தூளைக் குழைத்துக் கொடுக்க, அரசருக்குப் பல் கூச்சம் கண்டு, பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போனது. கண்ணாடியில் மட்டும் அதே மஞ்சள்.

பண்டிதருக்கு மாங்குடியான்மேல் வெகுநாள் காய்ச்சல். அவருடைய லேகியத்தைவிட மாங்குடியானின் கதையே நன்றாகச் சீரணிக்க வைக்கிறது என்று அரசர் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அதை அவர் மறக்கவே இல்லை. இப்போது வசமாக ஒரு வழி கிடைத்தது.

“மன்னர் பெருமானே, இது பல்லோடு பிறந்த மஞ்சள். தேய்த்துப் போகாது. இந்தப் பற்களைக் களைந்துவிட்டு வேறு நல்ல பற்களை நட வேண்டும். அவையிலேயே வெண்மையான பல் நம் விகடகவிக்குத்தான். நாள் முழுதும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறவர், அரசருக்காகக் கொடுக்க மறுப்பாரா?”

அரசரின் முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பிடுங்குவீர் என்று மந்திரி கேட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு பிடுங்குவேன் என்றார் பண்டிதர்.

மாங்குடியான் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவனுக்குச் சொத்தென்று இருந்ததே அந்த வாய்தான். பல் போனால் சொல் காற்றாய்ப் போகும். விகடம் சொல்பவன் பேச்சே புரியாவிட்டால் எவன் சிரிப்பான்? போதாததற்குக் கண்ணைக் கட்டிய குறடு அரசர் வாயில் எதையெல்லாம் பிடுங்குமோ. அவன் விழுந்து வணங்கி, பௌர்ணமிவரை தவணை கேட்டான். அரசர் ஒரு நிபந்தனை போட்டார்: “எம் பல் வெளுக்க வேண்டும். ஆனால் இனி ஒரு பொடியும் குச்சியும் எம் வாய்க்குள் வரக் கூடாது. உம்மால் இயலாவிடில் அன்று உச்சிவேளையில் பண்டிதர் தம் வேலையைத் தொடங்குவார்.”

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் பொரிவிளங்காய் உருண்டை பிடித்து வைத்திருந்தாள். கல்லைப் போன்ற அந்த உருண்டை என்றால் மாங்குடியானுக்கு உயிர். அவன் ஒன்றை வாயில் போட்டு, கடிக்காமல் ஒதுக்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னான்.

“நல்லாக் கடிச்சுத் தின்னுங்க,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அப்புறம் நான் கஞ்சிதான காய்ச்சணும். அது சரி, ராசா பல்லு நெசமாவே மஞ்சளா? நீங்க பாத்தீங்களா?”

“ராசா பல்லை யார் பார்த்தா? ராசா பார்த்துச் சொன்னாரு.”

சொன்ன பிறகு அந்தக் கேள்வி அவனை விடவில்லை. நாட்கள் நழுவின. பௌர்ணமிக்கு முந்தைய மாலை, அரசர் அவனைக் குளக்கரைக்கு வரச் சொன்னார். வாயைப் பட்டுத் துணியால் மூடிக்கொண்டு, பாதங்களை நீரில் விட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போகவும் இல்லை, இருட்டு வரவும் இல்லை. நீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியவில்லை. அரசர் தம் கனவை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மாங்குடியான் வழக்கப்படி தலை குனிந்து, அவர் பாதம் இருந்த நீரைப் பார்த்தபடி பக்கத்தில் ஒரு படி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தானும் அந்த ஓடத்தில் ஏறிவிட்டதுபோல அவனுக்கு இருந்தது. நிலவு எட்டிப் பார்த்தது. அரசர் துணியை எடுத்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

குனிந்த தலைக்கு எதிரே தண்ணீர். தண்ணீரில் அரசரின் முகம். வாய் நிறைய முல்லைப் பல்.

மாங்குடியான் இன்னொரு முறை உற்றுப் பார்த்தான். பாவம், இந்த மனிதர் எத்தனை நாளாக யாரும் பார்க்காத முகத்தோடு தனியாக இருக்கிறார் என்று நினைத்தபோது, தன் பல்லைப் பற்றிய பயம்கூட அவனுக்குப் பின்னே போயிற்று. பார்த்தேன் என்று வாய் திறந்தால் ஊரைவிட்டே போக வேண்டிவருமே என்று, அப்படியே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை அவை நிறைந்திருந்தது. பண்டிதர் குறட்டுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மாங்குடியான் ஒரு முல்லைப்பூவையும் ஒரு கிண்ணம் பாலையும் கொண்டுவந்து வைத்தான். தண்ணீர் நிறைந்த கருங்கல் தொட்டி ஒன்றையும் ஆட்களை விட்டுத் தூக்கிவரச் செய்தான். அரச மேனி விலை மதிப்பற்றது, ஆகவே வைத்தியத்தை முதலில் வேறு நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டான். பிறகு முல்லைப்பூவைப் பொன் கண்ணாடியின் முன் நீட்டினான்.

“பெருமானே, இந்தப் பூவுக்கும் அதே நோய். பார்த்தருள வேண்டும்.”

அரசர் பார்த்தார். கண்ணாடிக்குள் முல்லை மஞ்சளாக இருந்தது. பாலை நீட்டினான். பாலும் மஞ்சள்.

“பண்டிதர் ஐயா, பூவுக்குச் செங்கல் தூளா, குறடா? பால் என்றைக்கு வெற்றிலை போட்டது என்றும் தாங்களே கேட்டுச் சொல்ல வேண்டும்.”

அவையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அரசர் எழுந்து வந்து கல் தொட்டியின் மேல் குனிந்தார். தயங்கித் தயங்கி வாய் திறந்தார். தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று பல். அவர் கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு எரிச்சலைப் பொறுத்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, கண் கலங்கிவிட்டது.

பண்டிதருக்கு முகம் செத்துப் போனது. ஆனால் விடுகிற ஆளா அவர்? “பிரபு, ஒரு ஐயம். மன்னர் பல் வெண்மை என்பது இந்த விகடகவிக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? அரச முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அதற்கான தண்டனையை அவையோர் அறிவார்கள்.”

அரசரின் குரல் மாறியது. “மாங்குடியானே, எம்மைப் பார்த்தீரா?”

“இல்லை பெருமானே. முன்னோர் வகுத்தபடி தலையைக் குனிந்தே நின்றேன். குனிந்த இடத்தில் குளம் இருந்தது. குளத்துக்குள் தாங்கள் இருந்தீர்கள். குனிந்தாலும் தாங்களே தெரிந்தால் அடியேன் எங்கே பார்ப்பது? நிமிர்ந்துதான் பார்க்கக் கூடாது என்றார்கள். குனிந்து பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.”

அரசரின் தோள் குலுங்கியது. வாயை மூடிக்கொள்ளாமல், கூசுகிற பல்லில் காற்றுப் படுவதையும் பொருட்படுத்தாமல் சிரித்தார். “எல்லாரும் நிமிருங்கள்,” என்றார். “இன்று முதல் இந்த அவையில் யாரும் எம் காலோடு பேச வேண்டாம்.” மந்திரி பயந்து பயந்து நிமிர்ந்தார். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். அவர்களில் சிலர் அன்றுதான் தங்கள் அரசருக்கு மீசை நரைத்திருப்பதைக் கண்டார்கள்.

பொன் கண்ணாடி மாங்குடியானுக்குப் பரிசாயிற்று. பண்டிதரின் குறட்டைக் குதிரை லாயத்துக்கு ஆணி பிடுங்க அனுப்பினார்கள். செங்கமலம் கண்ணாடியில் தன் கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, “இதுல என் பித்தளை வளையல் தங்கமாத் தெரியுது. இனிமே வளையல் கேக்க மாட்டேன், போங்க,” என்றாள்.

அன்று மாலை அரசி வந்தாள். ஓடம் குளத்தில் மிதந்தது. அரசர் மகனைக் கையில் வாங்கி முகத்துக்கு நேரே தூக்கிச் சிரித்தார். குழந்தை அந்த வாயையே கண்கொட்டாமல் பார்த்தது. பிறகு, ஒரு பல்கூட இல்லாத தன் வாயைத் திறந்து அதுவும் சிரித்தது. சுற்றிலும் ஆம்பல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அரசர் திகைத்துப்போய்க் கரையைப் பார்த்தார்.

ஆம்பல் தினமும் அந்த நேரத்தில் மலர்வதுதான் என்று சொல்லக் கரையில் நின்ற மாங்குடியான் வாய் திறந்தான். பக்கத்தில் இருந்த செங்கமலம் அந்த வாயில் ஒரு பொரிவிளங்காய் உருண்டையைத் திணித்தாள். அவன் அதை நறுக்கென்று கடித்துத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தான்.