வெள்ளை உருண்டை

பெரிய டாக்டர் தேவசகாயம் வாயைத் திறந்தால் அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் நாயெல்லாம் குரைப்பை நிறுத்திவிடும்.

"மயக்க மெஷினைப் போடு! என்ன முழிக்கிறே?"

உதவியாள் சொர்ணம் மெஷினைத் தொடவில்லை. மேஜைமேல், வயிற்றில் கட்டியோடு மில் முதலாளியின் கோம்பை நாய். வாசலில் முதலாளி. போன மாசம் இதே மெஷினில் அவர் வீட்டுப் பூனை மயக்கத்திலேயே செத்தது. பழி அன்றைக்கு மெஷினைப் போட்ட உதவியாள் மாரியப்பன் தலையில் விழுந்து, அவன் வேலையும் போனது.

"ஐயா, மெஷினுக்குள்ள இருக்கிற சுண்ணாம்பு உருண்டையை மாத்திடுறேன். நாய் விடுற கெட்ட காத்தை இது இனிமே உறிஞ்சாது. நேத்தே ஊதாவாயிடுச்சு."

"இப்போ வெள்ளையாத்தானே இருக்கு? எனக்குக் கண் இல்லையா? மெஷினைப் போடு, இல்லே வீட்டுக்குப் போ!"

சொர்ணம் மெஷினிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, கிளவுஸ் போட்ட அவர் கையில் வைத்தாள்.

"நான் படிக்காதவ ஐயா. இதை நசுக்கிக் காட்டுங்க, இந்த நிமிஷமே போடுறேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே நசுக்கினார். ம்ஹூம். இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து அழுத்தினார். அவர் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

சொர்ணம் தானும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, புது டின்னைத் திறந்து, ஒரு உருண்டையை இரண்டே விரலில் மாவாக்கினாள்.

"தீர்ந்துபோனது கல்லாயிடும் ஐயா. ராத்திரி சும்மா கிடந்தா நிறம் மட்டும் திரும்பிடும்."

வாசலில் நின்ற முதலாளி மெதுவாகக் கேட்டார்: "எங்க பூனைக்கும் அன்னிக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சா, டாக்டர்?"

டாக்டர் புது டின்னைச் சொர்ணம் பக்கம் தள்ளினார். உருண்டையை மாற்றிய பிறகுதான் மெஷின் ஓடியது.

மத்தியானம் நாய் கண்விழித்து வாலாட்டியது. மறுநாள் காலையில் மாரியப்பன் வேலைக்கு வந்தான்.